ஸ்டூடியோவில் ஓடிய டிஸ்க்குகளை வீட்டுச் சர்வரில் ஓட்டுவது எப்படி?

மதுரை மாசி வீதி ஒன்றில் கல்யாண ஸ்டூடியோ நடத்திவந்த அண்ணன் ஒருவர், கடையைக் காலி செய்தபோது என்னிடம் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் 4 டெராபைட். "ஒன்பது வருடம் நன்றாக ஓடியவை தம்பி. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. காலி டிஸ்க்தானே, நீயே வைத்துக்கொள்" என்றார்.

காலி இல்லை. ஒன்பது ஆண்டு முகூர்த்தங்கள் மொத்தமும் அந்தப் பைக்குள் இருந்தன. பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஓட்டும் ரெய்டு பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைத் தனியாக மாட்டினால் அது காலி போலத்தான் தெரியும். அதை நம்பி அழித்துவிட்டுப் பின்னால் அழுதவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சரியாக அழிக்காமல் புதிய சர்வரில் மாட்டினால், டிஸ்க் தன் பழைய கூட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு புதிய இடத்தில் வம்பு செய்யும். எனக்கு இரண்டுமே ஒரே வாரத்தில் வாய்த்ததால், முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் உச்சரிப்புப்படி தருகிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். எல்லாம் லினக்ஸ் கட்டளைகள். நிர்வாகி உரிமையோடு இயக்க வேண்டியவை.

எந்த ரெய்டு?

ரெய்டு என்றதும் நம் ஊரில் வருமான வரிக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இது வேறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் எழுதி 1988இல் வெளியான ஆய்வுக் கட்டுரை நிலைநிறுத்திய பெயர் இது. விலை குறைந்த சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து, விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றின் வேலையை வாங்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை.

மொய் நோட்டை வைத்து யோசித்தால் எளிதில் புரியும். ஒரே கணக்கை இரண்டு நோட்டில் அப்படியே எழுதினால் ரெய்டு 1. வேகத்துக்காக ஒரு வரியை இந்த நோட்டிலும் அடுத்த வரியை அந்த நோட்டிலும் மாற்றி மாற்றி எழுதினால் ரெய்டு 0. ஒரு நோட்டு தொலைந்தால் இரண்டும் வீண். ரெய்டு 5 கொஞ்சம் சாமர்த்தியமானது. மூன்று பேர் மொய் எழுதுகிறார்கள். நான்காவது ஆள் வரிக்கு வரி மூவரின் தொகையையும் கூட்டி எழுதிக்கொண்டே வருகிறார். ஒருவருடைய நோட்டு தொலைந்தாலும், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இருவரின் தொகையைக் கழித்தால் கிடைத்துவிடும். இரண்டு நோட்டு தொலைந்தால் கல்யாண வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். ரெய்டு 6 இரண்டு நோட்டு தொலைவதையும் தாங்கும். உண்மையில் இது கூட்டல் அல்ல, எக்ஸார் என்ற இருமக் கணக்கு. கூட்டும் வேலையும் ஒருவர் தலையிலேயே விழாமல் நால்வரும் முறைவைத்துச் செய்வார்கள். நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அண்ணனின் நான்கும் ரெய்டு 5. அதனால்தான் ஒவ்வொன்றாக மாட்டியபோது எதுவும் தெரியவில்லை. ஒரு நோட்டில் வரிகளின் துண்டு மட்டும்தான் இருக்கும். அதை வைத்து விண்டோஸால் எதையும் காட்ட முடியாது. அது "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். சம்மதித்தால் டிஸ்க்கின் தலைப்பகுதியில் புதிதாக ஒன்றை எழுதிவிடும்.

கழற்றுவதற்கு முன்

பெட்டியிலிருந்து டிஸ்க்கை உருவுவதற்கு முன் 1, 2, 3, 4 என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எந்த எண் எந்தச் செருகிடத்தில் இருந்தது என்று போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இரண்டு நிமிட வேலை. லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் இடத்தைத் தானே குறித்து வைத்திருக்கும் என்பதால் வரிசை கலைந்தாலும் சமாளிக்கலாம். அந்தக் குறிப்பு அழிந்துபோயிருந்தாலோ, ரெய்டு வேலையைத் தானே செய்யும் பழைய ரெய்டு கார்டு ஒன்றில் ஓடியதாக இருந்தாலோ நிலைமை வேறு. நான்கு டிஸ்க்கை 24 விதமாக அடுக்கலாம், அவற்றில் ஒன்றுதான் சரி.

பழைய உரிமையாளரிடம் பேச்சுக் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பெட்டியில் விளக்கு ஏதாவது நிறம் மாறி எரிந்ததா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஆரஞ்சு விளக்கு ஒன்று ரொம்ப நாளாக எரியும். அது அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் பிறகு எனக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

உள்ளே இருப்பதை எழுதாமல் பார்ப்பது

டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பு நான்கு உள்ள ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும். அதில் உள்ள சொந்த டிஸ்க்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றில் தொடங்குங்கள். பழைய டிஸ்க்குகள் நான்கையும் ஒன்றாக மாட்டுங்கள். யூஎஸ்பி டாக்கில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பழைய டாக்குகள் சில, 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்குகளின் செக்டர் (டிஸ்க் எழுதிப் படிக்கும் மிகச் சிறிய துண்டு) அளவை மாற்றிக் காட்டுவதால், இருக்கிற பார்ட்டிஷன்கூட இல்லாததுபோலத் தெரியும்.

முதலில் எல்எஸ்பிஎல்கே. எந்தெந்த டிஸ்க், அதில் என்னென்ன பார்ட்டிஷன் என்று காட்டும். அடுத்து, லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையை எக்ஸாமின் என்ற தெரிவோடு ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் இயக்குங்கள். இது படிக்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது. வருகிற விவரத்தில் நான்கு வரிகளைப் பாருங்கள்: எந்த வகை ரெய்டு, மொத்தம் எத்தனை டிஸ்க், இந்த டிஸ்க்கின் இடம் எது, ரெய்டில் நடந்த மாற்றங்களை எண்ணிவைக்கும் ஈவென்ட்ஸ் எண் எவ்வளவு. கூட்டத்தில் உள்ள எல்லா டிஸ்க்கிலும் ஈவென்ட்ஸ் எண் ஒன்றாக இருக்க வேண்டும். என் கையிலிருந்த மூன்றாம் எண் டிஸ்க்கில் மட்டும் அந்த எண் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. கடைசியாக எழுதப்பட்ட தேதியும் மற்றவற்றைவிட ஏழு மாதம் பழையது. ஆரஞ்சு விளக்கின் கதை அதுதான். மூன்றாவது டிஸ்க் எப்போதோ கூட்டத்தைவிட்டு விலகிவிட்டது. மீதி மூன்றையும் வைத்து ஏழு மாதம், பாதுகாப்பு ஏதுமின்றி, ஸ்டூடியோ ஓடியிருக்கிறது.

மூன்றாவதைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் அசெம்பிள், ரீட்ஒன்லி தெரிவுகளோடு சேர்த்தேன். பிறகு கோப்பு முறைமையையும் படிக்க மட்டுமான நிலையில் ஏற்ற (மவுண்ட் செய்ய) வேண்டும். ஈஎக்ஸ்டி4 ஆக இருந்தால் நோலோட் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நின்ற பழைய எழுத்து வேலையை முடிக்கப் பார்த்து, முடியாமல் பிழை சொல்லும். ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: அசெம்பிள் வரவில்லை என்பதற்காக கிரியேட் தெரிவை முயல்வது. இணையத்தில் அதைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையோ துண்டின் அளவோ தவறினால் அது பழைய குறிப்பின் மேல் புதியதை எழுதிவிடும். திரும்பி வர வழி இருக்காது.

டிஸ்க் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இந்தக் கட்டம் மாறும். வீட்டு நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் சேமிப்புப் பெட்டிகள்) பல, உள்ளே லினக்ஸையும் எம்டி ரெய்டு என்ற அதன் மென்பொருள் ரெய்டையும் வைத்தே ஓடுகின்றன. சைனாலஜி போன்ற பெட்டிகளில் அதன் மேல் எல்விஎம் என்ற இன்னொரு அடுக்கும் இருக்கலாம். அதைத் தனியாக இயக்கிவிட வேண்டும். இன்டெல் மதர்போர்டில் அமைத்த ரெய்டையும் எம்டிஏடிஎம் படிக்கும். தனி ரெய்டு கார்டில் ஓடியவை என்றால் அதே தயாரிப்பின் கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, வேற்று அமைப்பை இறக்குமதி செய்யும் தெரிவின் வழியாகப் பார்ப்பதே நேர்வழி.

அண்ணனை வரவழைத்துத் திரையைக் காட்டினேன். ஏதோ ஒரு வருடத்துச் சித்திரைத் திருவிழா படங்களைத் திறந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தேவையானவற்றைப் புதிய வெளிப்புற டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனேன்.

எல்லா டிஸ்க்கும் எல்லா இடத்திலும் ஓடாது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலக சர்வரிலிருந்து வரும் டிஸ்க்குகளில் பல சாஸ் வகையாக இருக்கும். பார்க்க சாட்டா போலவே இருக்கும். ஆனால் இணைப்பு முனையில் நடு இடைவெளி மூடியிருக்கும், மதர்போர்டின் சாட்டாவில் சேராது. அவற்றுக்கு ஹெச்பிஏ என்ற தனி கார்டு வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று கட்டாக வாங்கிவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள். பெரிய சேமிப்பகங்களில் ஓடிய சாஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் செக்டர் ஒன்றுக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் இருக்கும். எஸ்ஜி ஃபார்மேட் கட்டளையால் 512க்கு மாற்றினால்தான் வீட்டில் ஓடும். மாற்றும் வேலை பல மணி நேரம் எடுக்கும், இடையில் கரண்ட் போகக் கூடாது.

வெளிப்புறப் பெட்டியைப் பிளந்து எடுத்த டிஸ்க் சுழலவே இல்லையென்றால் அது செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புதிய சாட்டா விதிப்படி, பவர் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சில டிஸ்க்குகள் உறங்கியே கிடக்கும். அந்தப் பின்னை வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பால் மறைத்தால் விழித்துக்கொள்ளும்.

மூன்றாவதாக எஸ்எம்ஆர் வகை. ஓட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்குவதுபோலத் தடங்களை நெருக்கி எழுதும் முறை இது. ஒரு ஓட்டை மாற்ற அடுத்தடுத்தவற்றையும் எடுக்க வேண்டியிருப்பதுபோல, ரெய்டைப் புதுப்பிக்கும்போது இந்த வகை நாள் கணக்கில் இழுத்தடிக்கும். நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகளிலும் இந்த முறை சொல்லாமல் புகுந்திருந்தது 2020இல் அம்பலமானது. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடி பிடித்துப் பார்ப்பது

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை அந்த ஜாதகத்தைக் காட்டும். வரிகள் நிறைய வரும், எல்லாம் தேவையில்லை. மொத்தத்தில் தேர்ச்சி என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கும் அந்தத் தேர்ச்சியை வாங்கிவிடும். பார்க்க வேண்டியவை எண்கள்தான்.

9ஆம் எண் ஓடிய மணி நேரம். ஓராண்டுக்கு 8,760 மணி. என்னுடையவை 41,000 மணியைத் தொட்டிருந்தன. ஒன்பது ஆண்டு இரவு பகலாக ஓடியிருந்தால் 78,000க்கு மேல் வந்திருக்க வேண்டும். அண்ணன் கடை பூட்டும்போது பெட்டியையும் அணைத்துவிடுவார் என்பது இதிலேயே தெரிந்தது. மணி நேரம் அதிகம் என்பதற்காக மட்டும் நான் ஒரு டிஸ்க்கை ஒதுக்குவதில்லை.

5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, சந்தேகப் பட்டியலில் இருப்பவை. 198, படிக்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 187ஆம் எண் இருந்தால் அதுவும். 199 மட்டும் விதிவிலக்கு. அது பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றம் அல்ல, கேபிளின் குற்றம். கேபிளை மாற்றிவிட்டு எண் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

என் மூன்றாம் டிஸ்க்கில் 197க்கு நேரே 88 என்று இருந்தது. மற்ற மூன்றும் சுத்தம்.

எண்கள் சுத்தமாக இருந்தாலும் ஓட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையிலேயே லாங் என்ற நீண்ட சோதனை இருக்கிறது. டிஸ்க் தன்னை முழுவதுமாகத் தானே படித்துப் பார்க்கும். 4 டெராபைட்டுக்கு எட்டு மணி நேரம் வரை ஆகலாம். அதில் தேறியவற்றுக்குப் பேட்பிளாக்ஸ். எழுதிச் சோதிக்கும் தெரிவில் ஓட்டினால், நான்கு விதமான வடிவங்களை டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஆக எட்டு முறை டிஸ்க்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று வைத்தால் ஒரு முறைக்கு ஏழரை மணி, மொத்தம் இரண்டரை நாள். பிளாக் அளவை 4096 என்று கொடுத்துவிடுங்கள், பெரிய டிஸ்க்குகளில் இயல்பு அளவு எடுபடாது. இந்தச் சோதனை உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் என்பதை மறுபடி சொல்லி வைக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் செய்தித்தாளில் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை உங்கள் பகுதி அதில் இருந்தால் இரண்டு நாள் சோதனை பாதியில் போய்விடும். நான் இரண்டாம் நாள் காலையில்தான் அதைப் பார்த்தேன்.

தடயத்தை அழிப்பது

முதல் முயற்சியில் நான் சறுக்கிய இடம் இதுதான். சோதனைக்கு முந்தைய அவசரத்தில், ஒரு டிஸ்க்கை எடுத்துப் புதிய பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் கம்ப்யூட்டரைத் தொடங்கியபோது எம்டி127 என்று ஒன்று தானாக முளைத்திருந்தது. புதிய ரெய்டில் சேர்க்கப் போனால், டிஸ்க் வேறு வேலையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பழைய கூட்டத்தின் குறிப்பு ஒன்று அழியாமல் இருந்திருக்கிறது. லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, இல்லாத மூன்று பேருக்காகக் காத்துக்கொண்டு பாதி ரெய்டை எழுப்பி உட்கார்ந்திருந்தது.

காரணம் எளிது. ஃபார்மேட் செய்வது பெரும்பாலும் தலைப்பகுதியைத்தான் தொடும். ரெய்டு குறிப்புகளோ எங்கெங்கோ இருக்கும். எம்டி ரெய்டின் 0.90, 1.0 பதிப்புகள் தங்கள் குறிப்பைக் கடைசியில் எழுதும், 1.1 தொடக்கத்திலேயே எழுதும். இன்று வழக்கிலுள்ள 1.2 தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதும். இன்டெல் மதர்போர்டு ரெய்டின் குறிப்பு கடைசியில். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இன்னும் உஷாரானது, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நான்கு பிரதி வைத்திருக்கும். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணைக்கும் கடைசியில் ஒரு நகல் உண்டு.

அதனால் வரிசை இப்படி. தானாக எழுந்த எம்டி ரெய்டை ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்கள். எல்விஎம் இருந்தால் அதை முதலில் அணையுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் எம்டிஏடிஎம் ஜீரோ-சூப்பர்பிளாக் இயக்குங்கள். நாஸ் பெட்டி டிஸ்க்குகளில் குறிப்பு பார்ட்டிஷனுக்குள்தான் இருக்கும், முழு டிஸ்க்கின் மீது மட்டும் இயக்கினால் அகப்படாது. பிறகு வைப்எஃப்எஸ் கட்டளையை ஏ தெரிவோடு பார்ட்டிஷன்கள் மீதும், கடைசியாக முழு டிஸ்க் மீதும் இயக்குங்கள். தெரிவு எதுவும் கொடுக்காமல் வைப்எஃப்எஸ் இயக்கினால், அழிக்காமல் பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியல் வெறுமையாக வர வேண்டும்.

பேட்பிளாக்ஸ் எழுதும் நான்காவது வடிவம் வெறும் பூஜ்யம். அதை முழுவதும் ஓட்டியவருக்கு இந்த அழிப்பு வேலை தானாகவே முடிந்துவிடும். தொடங்கும் முன் பழைய ரெய்டை நிறுத்தினால் போதும். ஊரார் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கை நம் வீட்டில் வைத்திருக்கும்போது, முழுவதும் எழுதி அழிப்பதுதான் முறையும்கூட.

எந்த டிஸ்க்கை அழிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறலாம். சீரியல் எண்ணோடு வரும் பை-ஐடி பெயரைப் பயன்படுத்துங்கள். போனில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்ல பாதுகாப்பு, அழிக்கக் கூடாத டிஸ்க் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்காமல் பார்த்துக்கொள்வது.

எப்படி அடுக்குவது

நான்கு பழைய டிஸ்க் கையில் கிடைத்தால் எல்லோருக்கும் ரெய்டு 5 ஆசை வரும். மூன்று டிஸ்க்கின் இடம் கிடைக்கிறதே என்று தோன்றும். நான் வேண்டாம் என்பேன். ஒன்றாகப் பிறந்து, ஒன்றாக உழைத்து, ஒரே வெப்பத்தில் வெந்த டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போக வாய்ப்பு அதிகம். ஒன்று போய் மாற்று டிஸ்க் போட்டதும், மீதி மூன்றும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்பட வேண்டும். முதுமையில் அந்த ஓட்டம் தாங்குமா? வீட்டு டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், நூறு லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று எழுதியிருக்கும். அது 12.5 டெராபைட். மூன்று 4 டெராபைட் டிஸ்க்கை முழுவதும் படித்தால் 12. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் எல்லையில் நின்று விளையாட எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்தது ஜோடி முறை. தேறிய மூன்று பழையவற்றோடு புதிதாக ஒரு 4 டெராபைட் வாங்கினேன். ஒரு பழையதும் புதியதும் ஒரு ஜோடி. அதில் குடும்பப் படங்கள், பத்திரங்களின் நகல்கள். மீதி இரண்டு பழையவை இன்னொரு ஜோடி. அதில் படங்கள், பாட்டுகள், போனால் மறுபடி தேடிக்கொள்ளக் கூடியவை. மொத்தம் 8 டெராபைட்.

மென்பொருளுக்கு ஓப்பன்மீடியாவால்ட் அல்லது ட்ரூநாஸ், இரண்டில் ஒன்று போதும். முந்தையது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, பழைய கம்ப்யூட்டரிலும் சிக்கனமாக ஓடும். பிந்தையது இசட்எஃப்எஸ் மேல் நிற்பது. 8 ஜிபி நினைவகமாவது கேட்கும், பதிலுக்குச் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் பிட்டையும் கண்டுபிடித்து ஜோடியிலிருந்து சரிசெய்யும். பழைய டிஸ்க்குக்கு நான் இரண்டாவதையே விரும்புகிறேன். எதுவானாலும் இயங்குதளத்தைத் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் போடுங்கள். பழைய ரெய்டு கார்டு ஓசியில் கிடைக்கிறது என்று அதைச் செருக வேண்டாம். அது டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை மறைக்கும், கார்டு செத்தால் அதே கார்டைத் தேடி அலையவும் வைக்கும்.

இன்னொரு அமைப்பு, பலர் விட்டுவிடுவது. மேசைக் கம்ப்யூட்டருக்கென்று விற்கப்படும் டிஸ்க்குகள் ஒரு கெட்ட செக்டரைப் படிக்க நிமிடக் கணக்கில் முட்டி மோதும். லினக்ஸ் 30 விநாடியில் பொறுமை இழந்து, பதில் சொல்லாத டிஸ்க்கை ரெய்டிலிருந்து தள்ளிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடிஈஆர்சி என்பதை 70, 70 என்று வைத்தால் ஏழு விநாடியில் டிஸ்க் கைவிட்டுவிடும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அணைத்து எழுப்பினால் பல டிஸ்க்குகள் இதை மறந்துவிடுவதால், தொடக்கத்தில் தானாக இயங்கும்படி வைக்க வேண்டும். இந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துங்கள்.

நம் ஊர் வெயிலும் கரண்டும்

மொட்டை மாடி அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று சர்வரை அங்கே வைக்காதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் அந்த அறையில் மனிதனே நிற்க முடியாது. டிஸ்க்கின் வெப்பத்தை 45 டிகிரிக்குள் வைத்திருக்கப் பாருங்கள். 50ஐத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடுங்கள். டிஸ்க்குகளுக்கு நேர் முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே பெரிய மாற்றம் தெரியும். கதவு மூடிய அலமாரியும் கூடாது. எனக்கு வசதியாக அமைந்தது மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம். மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு 3.5 அங்குல டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கு சேர்ந்தால் ஏறத்தாழ 100 வாட். காயலான் கடைப் பவர் சப்ளை திணறுவது இங்கேதான். ஓடத் தொடங்கிய பிறகு என் சர்வர் மொத்தமும் 40 வாட் சுற்றி நிற்கிறது. நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 58 யூனிட். இலவச யூனிட்டில் பெரும்பங்கை இதுவே தின்றுவிடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்புறம் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம். பழைய டிஸ்க்குக்கு அது நல்லதல்ல. யூஎஸ்பி இணைப்புள்ள சிறிய யூபிஎஸ் ஒன்று வைத்தால், நட் என்ற மென்பொருள் பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைத்துவிடும்.

ஒப்படைப்பதற்கு முன் ஒரு ஒத்திகை

முக்கியமான எதையும் ஏற்றுவதற்கு முன், சில சினிமாக்களை மட்டும் போட்டுவிட்டு, சர்வரை அணைத்து ஒரு டிஸ்க்கைக் கழற்றுங்கள். எழுப்பிப் பாருங்கள். கோப்புகள் திறக்கின்றனவா? குறையைச் சொல்லி மின்னஞ்சல் வந்ததா? எனக்கு முதல் முறை வரவில்லை. கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்திருந்தேன். அந்த மின்னஞ்சல் வராத சர்வரும் அண்ணனின் ஆரஞ்சு விளக்கும் ஒன்றுதான். டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, ஜோடி மறுபடி சேரும் வரை பார்த்திருங்கள். மாதம் ஒருமுறை முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் வேலையையும், வாரம் ஒருமுறை சிறிய ஸ்மார்ட் சோதனையையும் கால அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

ரெய்டு இருக்கிறதே, பிரதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: தவறிப்போய் ஒரு கோப்புறையை அழித்தால் ஜோடியில் உள்ள இரண்டு டிஸ்க்கும் அதே நொடியில் விசுவாசமாக அழிக்கும். குடும்பப் படங்களின் பிரதி ஒன்று வெளிப்புற டிஸ்க்கில் மேலூரில் சித்தி வீட்டு பீரோவில் இருக்கிறது. விசேஷங்களுக்குப் போகும்போது புதிய டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். "இந்தப் பெட்டிக்கு வாடகை எப்போது தரப்போகிறாய்?" என்று சித்தி ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

தேறாத மூன்றாம் எண் டிஸ்க்கையும் முழுவதும் எழுதி அழிக்க முயன்றேன். பாதியில் கெட்ட செக்டர்கள் நூற்றுக்கணக்கில் ஏறின, டிஸ்க் டக் டக்கென்று தட்டத் தொடங்கியது. அழியாமல் நின்ற பகுதியில் படங்களின் துண்டுகள் இன்னும் படிக்கக் கூடியவை என்பதால், துளைபோடாமல் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. துளைபோட்ட பிறகு மின்னணுக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற இடத்துக்குப் போகும். அதுவரைக்கும் அதன் நெற்றியில் சிவப்பு மார்க்கரால் "பழுது" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதாமல் விட்டிருந்தால் ஆறு மாதம் கழித்து நானே அதை எடுத்து, நல்ல டிஸ்க் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று மாட்டியிருப்பேன்.